கண்ணைப் பார்த்துப் பேசலைன்னா நட்பு இல்லையா?

கடைப்பக்கம் வந்து மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொல்லிடலாம், அது வழக்கமான சாக்கு. உண்மை என்னன்னா இந்தப் பதிவை நாலு தடவை எழுதி நாலு தடவை அழிச்சுட்டேன். இதுல நான் கொஞ்சம் கெட்டவனா வர்றேன், அதான். மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கவும், இன்னைக்கு கொஞ்சம் சீரியஸ்.

மொதல்ல ஒரு ஆபீஸ் கதை.

2020ல ஊரடங்கு சமயத்துல எங்க டீமுக்கு ஒருத்தர் வந்து சேர்ந்தார். எல்லாரும் வீட்டுல இருந்து பொட்டி தட்டிக்கிட்டு இருந்த காலம். கேமரா யாரும் போட மாட்டோம். பேச்செல்லாம் சாட்லதான். மனுஷன் எழுதற பதில் ஒவ்வொண்ணும் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும். "இந்த எர்ரர் ஏன் வருது?"ன்னு ஒரு வரி கேட்டா, காரணம் என்ன, எந்த ஃபைல்ல எந்த வரி, இதுக்கு முன்னாடி எப்ப வந்துச்சு, இனிமே வராம இருக்க என்ன செய்யணும்னு இருபது வரி வரும். ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்டாலும் வரும். 2021 தீபாவளி வாரத்துல டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூல் நிரம்பி எங்க சிஸ்டம் படுத்துச்சு. அப்படித்தான் படுக்கும்னு ரெண்டு மாசம் முன்னாடியே அவர் மெயில் போட்டிருந்தார். யாரும் முழுசா படிக்கல. ஆனா அன்னைக்கு ராத்திரி சாட்லயே உக்காந்து எங்க எல்லாரையும் கரையேத்தினது அவர்தான். "தலைவா, நீங்க தெய்வம்"னு நான் எழுதினேன். அதுக்கு அவர் "இல்லை" அப்படின்னு மட்டும் பதில் போட்டார். நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். அப்ப அது பாசமான சிரிப்பு.

2022ல ஆபீசுக்கு வரச்சொன்னாங்க. அங்க ஆரம்பிச்சுது வினை.

நேர்ல பாத்தா அவர் முகத்தைப் பாக்க மாட்டார். நம்ம தோளுக்குப் பக்கத்துல இருக்கற சுவரைப் பாத்து பேசுவார். குரல் ஒரே சுதியில போகும். கேன்டீனுக்குக் கூப்பிட்டா வரமாட்டார், வந்தாலும் சத்தம் தாங்காம அஞ்சு நிமிஷத்துல எந்திரிச்சு போயிடுவார். டீம் லன்ச்ல எல்லாரும் மேனேஜரை ஓட்டிக்கிட்டு இருந்தப்ப, திடீர்னு கனெக்‌ஷன் பூல் பத்தி பேச ஆரம்பிச்சார். ரெண்டே மாசத்துல "தெய்வம்" போய் "திமிர்" ஆச்சு. "மூஞ்சியக்கூட பாக்க மாட்டேங்கறான்", "ஆட்டிட்யூட்" இப்படி. அந்த வருஷக் கடைசி ரிவ்யூல கூட வேலை செய்யறவங்க கருத்து கேட்டாங்க. நான் எழுதினது: டெக்னிக்கலா ரொம்ப நல்லவர், ஆனா டீமோட ஒட்டறதில்ல, கம்யூனிகேஷன் போதாது.

2023 ஆரம்பத்துல அவர் வேலையை விட்டுட்டுப் போயிட்டார். என் ரெண்டு வரியால மட்டும்தான் போனாருன்னு சொல்லல. ஆனா என் ரெண்டு வரியும் அதுல இருந்துச்சு.

இப்ப யோசிச்சுப் பாருங்க. அதே ஆள், அதே மூளை, அதே வேலை. எங்களுக்கு அவர் எழுத்தா மட்டும் தெரிஞ்ச ரெண்டு வருஷம் எல்லாருக்கும் பிடிச்சவர். உடம்போட வந்த ஒரு வருஷம் யாருக்கும் பிடிக்காதவர். மாறினது அவரா நாங்களா?

அவருக்கு ஆட்டிசமான்னு கேக்காதீங்க. எனக்குத் தெரியாது. நான் டாக்டர் இல்ல, ஆணி புடுங்கறவன். சுவரைப் பாத்து பேசற எல்லாருக்கும் பேர் வைக்க ஆரம்பிச்சா அது இன்னொரு வம்பு. ஆனா இந்தக் கதையை நான் திரும்பிப் பாக்க வச்சது ஆட்டிசம் உள்ள ஒரு நண்பர்தான். அவர் கதைக்கு வருவோம்.

எனக்கு சொந்த ஊர் போடி பக்கம். எங்க ஊருக்கு மதுரையில இருந்து மீட்டர் கேஜ் ரயில் ஓடிக்கிட்டு இருந்துச்சு. 2010 கடைசியில அதை நிறுத்தினப்ப நான் பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டு இருந்தேன். 2021ல தாத்தாவோட டிரங்குப் பெட்டியைக் கிளறினப்ப ஒரு பழைய ரயில்வே கால அட்டவணை கிடைச்சுது. இணையத்துல மீட்டர் கேஜ் பத்தி தெளிவா எழுதற ஒருத்தரைப் பாத்து, "ஆண்டிபட்டி கணவாய்கிட்ட வண்டி ஏன் சார் அவ்வளவு மெதுவா போகும்?"னு ஒரு கேள்வி அனுப்பினேன். ஏத்தம், வளைவு, இஞ்சினோட இழுவை எல்லாத்தையும் சேர்த்து ரெண்டு பக்கம் பதில் வந்துச்சு. நான் பதிலுக்கு அட்டவணையை போட்டோ புடிச்சு அனுப்பினேன். அவ்வளவுதான், பத்திக்கிச்சு.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம், வாரத்துக்கு நாலு ராத்திரி பேச்சு. எல்லாம் டைப்படிச்சுத்தான். சென்னைக் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931ல மீட்டர் கேஜ்ல ஆரம்பிச்சு 2004 ஜூலையில அகலப்பாதைக்கு மாறினது, போடி லைன்ல இரண்டாம் உலகப்போர் சமயத்துல தண்டவாளத்தையே கழட்டிக்கிட்டுப் போய் சுதந்திரத்துக்கு அப்புறம் திரும்பப் போட்டது, நீலகிரி ரயில் எப்படி பல்சக்கரத்தைப் புடிச்சு மலையேறுது, இப்படி. மெல்ல மெல்ல வேற விஷயமும் வந்துச்சு. அவர் திருநெல்வேலியில கணக்கு எழுதற வேலையில இருக்கறவர். மார்ச் மாசம்னா அவருக்கும் ஆணி. எங்க அப்பாவுக்கு ஆஞ்சியோ பண்ணின ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து அவருக்குத்தான் எழுதினேன். "எல்லாம் சரியாயிடும், கடவுள் இருக்கார்"னு எல்லாரும் சொன்னாங்க. அவர் மட்டும் "எத்தனை மணிக்கு உள்ளே அழைத்துப் போனார்கள்? சாப்பிட்டீர்களா? விடியும் வரை நான் விழித்திருப்பேன். நீங்கள் எழுதினால் பதில் எழுதுவேன்" அப்படின்னு எழுதினார். விடியற வரைக்கும் முழிச்சிருந்தார்.

ஒரு தடவை "அண்ணேன்னு கூப்பிடட்டுமா?"ன்னு கேட்டேன். "அண்ணன் என்றால் நான் ஏதாவது செய்ய வேண்டியிருக்குமா?"ன்னு கேட்டார். ஒண்ணும் வேணாம்னேன். "அப்படியானால் சரி"ன்னார். :-)

2023 ஜூன்ல போடி வரைக்கும் அகலப்பாதை வண்டி விட்டாங்க. கண்டிப்பா சேர்ந்து போகணும் அண்ணேன்னு நான் குதிச்சேன். ரெண்டு நாள் பதில் இல்ல. மூணாவது நாள் இப்படி வந்துச்சு:

"சந்திப்பதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. 2019ல், 31 வயதில்தான் தெரிந்தது. எழுத்தில் இருப்பது போல் நேரில் இருக்க மாட்டேன். உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம்."

இதுக்கு அடியேன் எழுதின பதில்: "உங்களைப் பாத்தா அப்படி தெரியலையே அண்ணே!"

"நீங்கள் என்னைப் பார்த்ததே இல்லையே."

அவ்வ்வ்வ்வ்...

ஜூலையில மதுரை ஸ்டேஷன்ல சந்திச்சோம். எனக்கு அவர் முன்கூட்டியே சொன்னது நல்லதாப் போச்சு, இல்லேன்னா உசிலம்பட்டியிலயே இறங்கி ஓடியிருப்பேன். மனுஷன் வாயே திறக்கல. நான் கேட்டதுக்கு ஆமா, இல்ல. வண்டி ஹாரன் அடிச்சப்ப காதைப் பொத்திக்கிட்டார். ஜன்னலைத் தவிர எதையும் பாக்கல. நான்தான் மௌனம் தாங்காம லொடலொடன்னு பேசிக்கிட்டே போனேன். ரெண்டு வருஷ நண்பர்கிட்ட எதுக்கு இப்படி உளர்றேன்னு எனக்கே புரியல. ஆண்டிபட்டி ஏத்தம் வர்றதுக்கு முன்னாடி என் போன்ல டிங்னு ஒரு சத்தம். எதிர் சீட்ல இருக்கற அண்ணன்தான் அனுப்பியிருக்கார்: "இடது பக்கம் பாருங்கள். பழைய பாதையின் தடம் தெரிகிறது."

அதுக்கப்புறம் போடி வரைக்கும் ரெண்டு பேரும் எதிரெதிர்ல உக்காந்து டைப்படிச்சுக்கிட்டே போனோம். பக்கத்துல வெற்றிலை போட்டுக்கிட்டு இருந்த பாட்டி எங்களை மேலயும் கீழயும் பாத்துச்சு. காலம் கெட்டுப்போச்சுன்னு நினைச்சிருக்கும். அது நினைச்சதுல தப்பில்ல, நானா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன். ஆனா அந்த முக்கா மணி நேரம் நாங்க பேசின மாதிரி நான் யார்கிட்டயும் நேர்ல பேசினதில்ல.

திரும்பி வந்த ராத்திரி எனக்கு உள்ளுக்குள்ள குடைச்சல். அவருக்கு நாள் பாழாப் போயிருக்குமோன்னு. பத்து மணிக்கு வந்துச்சு: "இன்று நல்ல நாள். நீங்கள் போனை எடுத்துப் பதில் எழுதியது மிகவும் உதவியாக இருந்தது."

அன்னைக்குத்தான் எனக்கு அந்த ஆபீஸ்காரர் ஞாபகம் வந்தார். தூக்கம் வரல.

சரி, மேட்டருக்கு வருவோம். ஆட்டிசம்னா நமக்குத் தெரிஞ்சதெல்லாம் குழந்தைங்கதான். சினிமாவுலயும் "ஹரிதாஸ்" (2013) மாதிரி நல்ல படம் வந்துச்சு, அதுலயும் பையன்தான். அந்தப் பையனுக்கு முப்பத்தஞ்சு வயசானா என்ன ஆவான், யார்கிட்ட பேசுவான்னு நாம யோசிக்கறதில்ல. உலக சுகாதார நிறுவனத்தோட 2021 கணக்குப்படி சுமார் 127 பேர்ல ஒருத்தருக்கு ஆட்டிசம் இருக்கு. குழந்தைங்க மட்டும் கணக்கு இல்ல, எல்லா வயசும் சேர்த்து. 1943ல லியோ கானர் ஆட்டிசம் பத்தி அமெரிக்காவுல எழுதின கட்டுரையில 11 குழந்தைங்க இருந்தாங்க. அதுல முதல் பையன் டொனால்ட் டிரிப்லெட். அவர் 2023லதான், 89 வயசுல இறந்தார். மிசிசிப்பியில ஒரு சின்ன ஊர்ல பேங்க்ல வேலை பாத்து, கோல்ஃப் ஆடி, தனியா நாடு நாடா சுத்தி வாழ்ந்து முடிச்சிருக்கார். குழந்தையா கட்டுரையில வந்தவர் எழுபது வருஷத்துக்கு மேல பெரிய மனுஷனா இருந்திருக்கார், பாருங்க.

தமிழ்ல இதுக்கு "மதியிறுக்கம்"னு ஒரு பேர் வச்சிருக்காங்க. அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். "இறுகிப்போனது என் மதி என்று யார் சோதித்தார்கள்?"னு கேட்டார். ஆட்டிசம்னே வச்சுக்குவோம்.

அந்தக் கேள்வி விளையாட்டுக்குக் கேட்டதுன்னு நினைச்சேன். தேடிப் பாத்தா அதை நிஜமாவே சோதிச்சிருக்காங்க, ஆனா எதிர்ப்பக்கம் நின்னு. 2017ல நோவா சாசனும் கூட்டாளிகளும் அமெரிக்காவுல பண்ணின ஆய்வு. ஆட்டிசம் உள்ள பெரியவங்க, இல்லாதவங்க ரெண்டு தரப்பையும் பேசவச்சு பதிவு பண்ணினாங்க. அதைச் சில பேருக்கு வீடியோவா காட்டினாங்க, சில பேருக்கு குரல் மட்டும், சில பேருக்கு போட்டோ மட்டும், இன்னும் சில பேருக்கு அவங்க பேசினதை எழுத்தா மட்டும் கொடுத்தாங்க. யார் யாருக்கு ஆட்டிசம்னு சொல்லல. "இவரோட பழகுவீங்களா?"ன்னு கேட்டா, பாத்தவங்களும் கேட்டவங்களும் சில விநாடியிலயே ஆட்டிசம் உள்ளவங்களை ஒதுக்கிட்டாங்க. எழுத்தா படிச்சவங்க மட்டும் ரெண்டு தரப்பையும் ஒரே மாதிரி மதிப்பிட்டாங்க. வித்தியாசம் காணாம போச்சு.

இதைப் படிச்சப்ப எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. எங்க ஆபீஸ்ல 2020ல இருந்து 2022 வரைக்கும் நாங்க இதே சோதனையைத்தான் எங்களுக்கே தெரியாம பண்ணியிருக்கோம்.

இங்கிலாந்துல டேமியன் மில்டன்னு ஒரு சமூகவியலாளர், அவருக்கும் ஆட்டிசம் உண்டு. 2012ல அவர் சொன்னது: ஆட்டிசம் உள்ளவங்களுக்கு அடுத்தவங்களைப் புரியலைங்கறது பாதிக் கதை, அடுத்தவங்களுக்கு அவங்களைப் புரியலைங்கறது மீதிக் கதை. சிக்கல் ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கு. இதுக்கு அப்புறம் 2020ல கேத்தரின் கிராம்ப்டன் குழு எடின்பரோவுல ஒரு சோதனை பண்ணினாங்க. சின்ன வயசுல காதுல ரகசியம் சொல்லி கடைசி ஆள்கிட்ட என்ன வருதுன்னு விளையாடுவோமே, அதே மாதிரி ஒரு கதையை ஆள் மாத்தி ஆள் சொல்ல வச்சாங்க. எட்டு பேரும் ஆட்டிசம் உள்ளவங்களா இருந்தப்ப, எட்டு பேரும் இல்லாதவங்களா இருந்த குழு அளவுக்கு கதை நல்லாவே போய்ச் சேர்ந்துச்சு. கலந்து உக்கார வச்சப்பதான் நிறைய உதிர்ந்துச்சு. நியாயமா இதையும் சொல்லணும்: 2025ல அதே ஆளுங்க 311 பேரை வச்சு பெருசா பண்ணினப்ப கலந்த குழுவும் மத்த குழுக்கள் அளவுக்கே செஞ்சுது. அதனால "கலந்தாலே வினை"ன்னு சொல்ல முடியாது. ஆனா "ஆட்டிசம்னா கம்யூனிகேஷன் போதாது"ங்கறது ரெண்டு சோதனையிலயும் அடிவாங்கிடுச்சு. நான் ரிவ்யூல எழுதின அதே வார்த்தை.

இப்ப நான் சொல்ல வர்ற ஒரே விஷயம் இதுதான். ஆட்டிசம் உள்ள பெரியவங்க ஒரு வேலையைப் பத்தியோ, ரயிலைப் பத்தியோ டைப்படிச்சு டைப்படிச்சு உண்டாக்கிக்கற நட்பு முழு நட்பு. அது நேர்ப்பழக்கத்துக்கு ஒத்திகையும் கிடையாது, "பாவம், அதாவது கிடைச்சுதே"ன்னு ஆறுதல் பரிசும் கிடையாது.

"நட்புன்னா மனசு விட்டு பேசணும், சும்மா ரயில் ரயில்னு பேசினா அது நட்பா?"ன்னு என் ரூம்மேட் கேட்டான். ஏன்டா, நீயும் உன் சேக்காளியும் பத்து வருஷமா டீக்கடையில தோனியைத் தவிர எதைடா பேசியிருக்கீங்க? அவன் அப்பா பேர் உனக்குத் தெரியுமான்னு கேட்டேன். முழிச்சான். நாம எல்லாருமே ஒரு விஷயத்தைப் புடிச்சுக்கிட்டுத்தான் அடுத்தவன்கிட்ட போறோம். கிரிக்கெட், சினிமா, அரசியல் இதெல்லாம் எல்லாரும் பேசறதால கண்ணுக்குத் தெரியல. கனெக்‌ஷன் பூல்னா மட்டும் கிறுக்குங்கறோம்.

ஆட்டிசம் உள்ளவங்களுக்கு இது இன்னும் ஒரு படி மேல. டைனா முர்ரே, வென் லாசன், மைக் லெஸ்ஸர்னு மூணு பேர் 2005ல எழுதின கட்டுரையில ஒரு விளக்கம் இருக்கு. நமக்கெல்லாம் கவனம் வாய்க்கால் வாய்க்காலா பிரிஞ்சு ஓடுது, அவங்களுக்கு ஒரே வாய்க்கால்ல மொத்தத் தண்ணியும் போகுது. அந்த வாய்க்கால்ல போறப்ப வேகம் ஜாஸ்தி. அதுலேருந்து இழுத்து முகபாவம், குரல், கண், எப்ப பேசலாம் எப்ப நிறுத்தலாம்னு அஞ்சாறு பக்கம் ஒரே நேரத்துல திருப்பினா திணறும். நேர்ப்பேச்சு அஞ்சாறு பக்கமும் திருப்பற வேலை. எழுத்துல ஒண்ணே ஒண்ணுதான், சொல்ல வந்த விஷயம். யோசிச்சு எழுதலாம், அழிச்சு எழுதலாம், பத்து நிமிஷம் கழிச்சு எழுதலாம். அண்ணன் ஒரு தடவை சொன்னார்: "நேரில் பேசும்போது என் கவனத்தில் பாதி என் முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ளப் போய்விடும். எழுதும்போது முழுவதும் உங்களுக்கு." ஆஸ்பத்திரி ராத்திரி எனக்குக் கிடைச்சது அந்த முழுசு.

இது இன்னைக்கு நேத்து நடக்கறதும் இல்ல. அமெரிக்காவுல ஜிம் சின்க்ளேரும் சில பேரும் 1992ல ஆட்டிசம் உள்ளவங்களே நடத்தற முதல் அமைப்புகள்ல ஒண்ணை ஆரம்பிச்சாங்க. அதுக்கு அடிப்படை பேனா நட்பு, கடிதம், அப்புறம் கணினி வழியா எழுத்து. நாலு வருஷம் எழுத்துல பழகின பிறகு 1996ல வருஷத்துக்கு ஒரு தடவை நேர்ல கூடற முகாம் வச்சாங்க. அங்கயும் அவங்க வசதிதான். சட்டையில சிவப்பு அட்டை மாட்டியிருந்தா என்கிட்ட பேசாதீங்க, மஞ்சள்னா தெரிஞ்சவங்க மட்டும் பேசலாம். பச்சைன்னா பேச ஆசை, ஆனா ஆரம்பிக்க வரல, நீங்களே வந்து பேசுங்க. எனக்கு அந்தப் பச்சை ரொம்ப பிடிச்சுது. எங்க கேன்டீன்ல சுவரைப் பாத்து உக்காந்திருந்தவர் சட்டையில அது இருந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு அடிக்கடி யோசிக்கறேன்.

எதிர்க்கேள்வி வரும், தெரியும். நானே கேட்டுக்கறேன்.

ஒண்ணு, "இப்படியே விட்டா நேர்ல பழகக் கத்துக்கவே மாட்டாங்களே?" போடி வண்டியில நேர்லதானே பழகினோம்? எழுத்துல ரெண்டு வருஷம் பழகினதாலதான் அவர் மதுரைக்கு வந்தார். அதுக்கப்புறம் ஐசிஎஃப் பக்கத்துல இருக்கற ரயில் அருங்காட்சியகத்துக்கும் போயிட்டு வந்தோம், அங்க என்னைவிட நிறைய பேசினது அவர்தான். ஆனா அவர் வராமலே இருந்திருந்தாலும் நட்பு குறைஞ்சிருக்காது.

ரெண்டு, "முகம் தெரியாதவனை எப்படி நம்பறது?" இது நியாயமான கேள்வி. அண்ணனே ஒருத்தர்கிட்ட ஏமாந்திருக்கார். ஆறு மாசம் இனிக்க இனிக்க எழுதி நாப்பதாயிரம் ரூபா வாங்கிட்டுப் போனவன் இன்னும் வரல. சொன்ன சொல்லை அப்படியே நம்பறவங்களுக்கு இந்த ஆபத்து கூடத்தான். அதனால காசு விஷயம்னா வீட்டுல ஒருத்தர்கிட்ட கேட்டுட்டுத்தான்னு அவரே விதி வச்சிருக்கார். நேர்ல பழகி சீட்டுப் பணத்தோட ஓடினவங்களையும் நாம பாத்திருக்கோம், அதுக்காக யாரும் தெருவுல நடக்காம இல்ல.

மூணு, எல்லாருக்கும் இது ஒத்துவருமா? வராது. பேச்சே வராதவங்க, எழுத்தும் வராதவங்க, நாள் முழுக்க கூட ஆள் வேண்டியவங்க இருக்காங்க. டைப்படிக்கறதைவிட பக்கத்துல சும்மா உக்காந்திருக்கறதை விரும்பறவங்களும் இருக்காங்க. என் ஒரு நண்பரை வச்சு மொத்தப் பேருக்கும் தீர்ப்பு எழுதினா அது நான் ரிவ்யூல பண்ணின தப்பேதான். நான் கேக்கறது, யாருக்கு எது வருதோ அந்த வழியை மதிங்க, அவ்வளவுதான்.

நம்ம நாட்டுல 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகையில ஆட்டிசமும் ஒண்ணு. வேலை இடத்துல தேவையான வசதி கேக்க உரிமை உண்டு. ஆனா சட்டத்தால கேன்டீன் டேபிள்ல ஒரு சேரை இழுத்துப்போட முடியாது. அது நம்ம வேலை. பெருசா ஒண்ணும் வேணாம். மீட்டிங்ல என்ன பேசப்போறோம்னு முன்னாடியே எழுதி அனுப்பறது. "நேர்ல வந்து சொல்லுங்க"ன்னு அடம்புடிக்காம சாட்ல பதில் வாங்கிக்கறது. ஒருத்தர் இருபது வரி எழுதினா இருபதையும் படிக்கறது. கண்ணைப் பாக்காததை கணக்குல எடுக்காம இருக்கறது. எங்க டீம்ல இதைச் செய்ய ஆரம்பிச்சோம். ஆட்டிசம் இல்லாத, கூச்ச சுபாவம் உள்ள ரெண்டு பொண்ணுங்களும் இப்ப நல்லா பேசறாங்க. அது போனஸ்.

கடைசியா, ஆரம்பிச்ச கதை.

2024ல அந்தப் பழைய சகாவுக்கு எழுதணும்னு தோணுச்சு. மன்னிப்புக் கடிதம் ஒண்ணு தயார் பண்ணி அண்ணன்கிட்ட காட்டினேன். ஆட்டிசம், ஆய்வு, அது இதுன்னு ரெண்டு பக்கம். படிச்சுட்டு, "இதில் அவரை விட நீங்கள்தான் அதிகம் இருக்கிறீர்கள். அவருக்கு இல்லாத பெயரை அவருக்கு வைக்காதீர்கள். என்ன தவறு செய்தீர்களோ அதை ஒரு வரியில் சொல்லுங்கள். பிறகு அவருடைய வேலையைப் பற்றிக் கேளுங்கள்" அப்படின்னார்.

அப்படியே பண்ணினேன். 2022 ரிவ்யூல உங்களைப் பத்தி நான் எழுதினது தப்பு, மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வரி. அதுக்குக் கீழ, நீங்க 2021ல போட்ட அந்த மெயிலை இப்பதான் முழுசா படிச்சேன், நாலாவது பத்தியில டைம்அவுட்டை ஏன் முப்பது விநாடின்னு வச்சீங்கன்னு ஒரு கேள்வி.

பதினோரு நாள் கழிச்சு பதில் வந்துச்சு. இருபத்திரெண்டு வரி. ஏன் முப்பது, ஏன் அறுபது கூடாது, இப்ப எழுதினா எப்படி மாத்துவார்னு எல்லாம் இருந்துச்சு. மன்னிப்பு பத்தி ஒரு வார்த்தை இல்ல. அது அவர் இஷ்டம். எனக்குக் கேக்கற உரிமைதான் உண்டு, வாங்கற உரிமை இல்ல. நாங்க நண்பர்கள் ஆகல, ஆவோமான்னும் தெரியாது. அந்த இருபத்திரெண்டு வரியையும் படிச்சேன். இன்னொரு கேள்வி இருந்துச்சு, அனுப்பியிருக்கேன்.

உங்க ஆபீஸ்ல, தெருவுல, சொந்தத்துல சுவரைப் பாத்து பேசறவர் ஒருத்தர் இருப்பார். அவருக்கு என்ன பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியலைன்னா எழுதிக் கேட்டுப் பாருங்க. என்ன நாஞ்சொல்றது? திட்டறதா இருந்தாலும் பின்னூட்டத்துல திட்டிட்டுப் போங்க.

டிஸ்கி: அண்ணன் முழுசா படிச்சு, அடையாளம் தெரியற விஷயத்தை எல்லாம் வெட்டிட்டு, சரின்னு சொன்ன பிறகுதான் இது வெளியாகுது. மீட்டர் கேஜ் அகலத்தை அடிக்கணக்குல எழுதியிருந்தேன். "1000 மில்லிமீட்டர் என்று எழுதுங்கள், இல்லையென்றால் எழுதாதீர்கள்"னார். எழுதிட்டேன் அண்ணே.